பழைய திடலில் ஒரு பித்தளை ஊதல்

பெம்பான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெந்நீர்க் குளம் நினைவுக்கு வரும். ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு அதற்கு முன்பே வேறோர் இடம் நினைவுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பந்து விளையாட்டு, சம்பளம் போட்ட வாரத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படம், தீபாவளிக்கு மறுநாள் சாக்கு ஓட்டம், கயிறு இழுக்கும் போட்டி, சடுகுடு. இத்தனையும் நடந்த இடம் ஒன்றுதான். அதுதான் தோட்டத்துத் திடல்.

அந்தத் திடல்கள் இன்று எங்கே? கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது சில திடல்கள் செம்பனைக்கு அடியில் போயின. தோட்டம் கைமாறி வீடமைப்பு வந்தபோது சில திடல்கள் தார்ச் சாலைக்கு அடியில் போயின. மிச்சமிருப்பவற்றில் லாலாங் மண்டிக் கிடக்கிறது. கோல் கம்பம் நின்ற இடத்தைக் கேட்டால் சொல்லக்கூடியவர்கள் ஊருக்கு ஒருவர், இருவர்தான் இருக்கிறார்கள்.

வாசக அன்பர்களே, இந்த வாரம் அந்தத் திடலுக்கு மேலே நடந்ததைப் பற்றி அல்ல, அதற்கு அடியில் கிடப்பதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. காரணம், நம் பிள்ளைகளிடம் இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது.

கருவியோடு வந்த பிள்ளை

கொஞ்ச நாளைக்கு முன் என் தம்பி மகன் ஒரு கருவியோடு வாசலில் வந்து நின்றான். நீண்ட கம்பு, அதன் நுனியில் தட்டுப் போல ஒரு வளையம், பிடிக்கிற இடத்தில் சின்னப் பெட்டி. மெட்டல் டிடெக்டர் என்கிறார்கள். மண்ணுக்கு அடியில் உலோகம் இருந்தால் சத்தம் கொடுக்கும். முன்பெல்லாம் பட்டாளத்தாரிடம் மட்டும் இருந்த சாமான். இன்று இணையக் கடையில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது.

"பெரியப்பா, நீங்க பந்து விளையாடின திடலைக் காட்டுங்க. அங்கே பழைய காசு நிறைய கிடக்கும்னு சொல்றாங்க" என்றான்.

"காட்டறேன். கேட்டாச்சா?"

"யாரைக் கேக்கணும்?"

"நிலத்துக்குச் சொந்தக்காரங்களைத்தான். நாம பொறந்த இடம்தான். ஆனா நம்ம இடம் இல்லையே."

பையன் தலையைச் சொறிந்தான். பிறகு இருவருமாகப் போய்த் தோட்ட நிர்வாகியைப் பார்த்தோம். நல்ல மனிதர். ஒரே ஒரு ஞாயிறு காலை, மரத்தின் வேர்ப்பக்கம் கை வைக்கக் கூடாது, தோண்டிய குழியை மூடிவிட வேண்டும், கிடைப்பதைத் தன்னிடம் காட்ட வேண்டும் என்று சொல்லி, ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் திடலில் ஒரு காலத்தில் பின்னால் நின்று பந்து தடுத்த பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போனோம். முன்னாள் தண்டல், வயது எண்பதைத் தாண்டியவர். அவர் இல்லாமல் திடல் எந்தப் பக்கம் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது. வடிகாலை வைத்தும் ஒரு பழைய மாமரத்தை வைத்தும் கணக்குப் போட்டு, "இதான் கோலு. அங்கே கள்ளுக்கடை. இந்தப் பக்கம் பொம்பளையாளுங்க உக்காருவாங்க" என்று காட்டினார்.

முதல் ஒரு மணி நேரம் கிடைத்ததெல்லாம் சோடா மூடி, துருப்பிடித்த ஆணி, சார்டின் டின், டின் பானத்தில் இழுத்துப் போடுகிற வளையம். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு நாடாளுமன்றக் கட்டடம் போட்ட ஐந்து காசு ஒன்று வந்தது. அதற்கப்புறம் நாலு மூலைக் காசு ஒன்று, மன்னர் தலையோடு, 1940 என்று தேய்ந்த எழுத்தோடு. கடைசியாக ஒரு சாண் ஆழத்தில் பச்சை பூத்த ஒரு பித்தளைச் சாமான் வந்தது. மண்ணைத் துடைத்துப் பார்த்தால், ஊதல். பந்து விளையாட்டில் நடுவர் ஊதுகிற ஊதல். உள்ளே இருக்க வேண்டிய தக்கை உருண்டை மட்கிப் போயிருந்தது.

பெரியவர் அதைக் கையில் வாங்கினார். வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

மண்ணுக்குள் இருப்பது எப்படித் தெரிகிறது?

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வளையத்துக்குள் செப்புக் கம்பி சுற்றியிருக்கிறது. அதில் மின்சாரம் வேகமாக முன்னும் பின்னும் ஓடும்போது வளையத்தைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் காசின்மேல் படும்போது காசுக்குள்ளும் மெல்லிய மின்னோட்டம் சுழல்கிறது. அந்தச் சுழற்சி தனக்கென ஒரு சின்னக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. கருவியில் உள்ள இன்னொரு கம்பிச்சுருள் அதைப் பிடித்துச் சத்தமாக மாற்றுகிறது. அவ்வளவுதான். சாதாரணக் கருவி ஒரு தனிக் காசை ஒரு சாண் ஆழம் வரைதான் கண்டுபிடிக்கும். பத்தடி ஆழத்தில் தங்கக் குடம் காட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தக் கருவியின் கதை ஓர் உயிரைக் காப்பாற்றும் முயற்சியோடு தொடங்குகிறது. 1881-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், உலோகத்தைக் காட்டும் கருவி ஒன்றை அவசரமாகச் செய்து கொண்டு வந்தார். ஆனால் அதிபர் படுத்திருந்த மெத்தையில் இரும்புச் சுருள்கள் இருந்ததால் கருவி தடுமாறியது. குண்டு கிடைக்கவில்லை. செப்டம்பரில் அதிபர் இறந்து போனார். பிறகு இரண்டாம் உலகப் போரில், போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி ஸ்காட்லாந்தில் இருந்தபோது கண்ணிவெடியைக் காட்டும் கருவியைச் செய்தார். 1942-இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் அது எத்தனையோ உயிர்களைக் காத்தது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது அந்தக் குடும்பத்தில் பிறந்த கருவிதான்.

நம் ஊர் மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. மலாக்காவின் செம்மண் சரளைக் கல்லை நாம் எல்லாரும் அறிவோம். வெறுங்காலோடு மரம் சீவப் போனவர்கள் மறக்கவே முடியாது. லேட்டரைட் என்று சொல்லும் அந்தக் கல்லில் இரும்பு நிறைய இருக்கிறது. மண்ணை ஆராய்கிறவர்கள் இந்த நாட்டில் உள்ள ஒரு மண் வகைக்கே 'மலாக்கா வகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட மண்ணில் மலிவான கருவி சும்மாவே கத்தும். கத்துகிற இடமெல்லாம் தோண்டினால் திடல் முழுவதும் குழிதான் மிஞ்சும்.

மண் வைத்திருக்கும் செக்ரோல்

தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது கிராணியின் செக்ரோலில் இருந்தது. யார் விளையாடினார், யார் பாடினார், யார் சிரித்தார் என்பதை எழுதிவைக்கக் கிராணி இல்லை. அந்தச் செக்ரோலை மண்தான் வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

நாலு மூலைக் காசையே எடுத்துக்கொள்வோம். நீரிணைக் குடியேற்ற நாடுகள் என்று மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் ஒன்றாக இருந்த காலத்தில், 1919-ஆம் ஆண்டிலிருந்து ஒரு காசு சதுரமாக வந்தது. 1939-இல் 'மலாயா' என்ற பெயரோடு வந்த காசும் சதுரம்தான். 1961 வரை சதுரக் காசு அடித்தார்கள். 1962-இல் வட்டமாயிற்று. ஐந்து, பத்து, இருபது காசுகளில் 1945 வரை வெள்ளி கலந்திருந்தது. 1948-இலிருந்து வெள்ளி போய்ச் செம்பும் நிக்கலும் வந்தன. நாடாளுமன்றக் கட்டடம் போட்ட மலேசியக் காசு 1967 ஜூன் மாதம் வந்தது. ஆகவே எந்தக் காசு எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்து வைத்தால், அந்த இடத்தில் மக்கள் எந்தக் காலத்தில் கூடினார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரை மலாயாவில் அந்த அரசு புழக்கத்துக்கு விட்டது காகிதப் பணம் மட்டும்தான். ஒரு காசுக்குக்கூடத் தாள். வாழைமரப் படம் போட்ட நோட்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாள் மண்ணில் மட்கிப் போகும். ஆகவே அந்த மூன்றரை ஆண்டுக் காலத்தில் அந்த அரசு விட்ட காசு என்று எதுவும் நம் திடல்களில் கிடைக்காது. அந்தக் காலத்தில்தான் சயாம் ரயில் பாதைக்கு நம்மவர்களைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளம், 1943 அக்டோபரில் முடிந்த பாதை. இனாமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே லாரியிலும் ரயிலிலும் ஏற்றிய கொடுமையும் நடந்தது. பொழுதுபோக்கு என்று நம்பிப் போன கால்கள் திரும்பவில்லை. செக்ரோலில் அந்தப் பக்கம் வெற்றுத் தாளாகவே இருக்கிறது. அந்த வெற்றுத் தாளும் ஒரு சாட்சிதான்.

சில இடங்களில் திடலின் ஓரத்தில் முள்கம்பித் துண்டுகள் வரிசையாக அகப்படலாம். 1948 முதல் 1960 வரை இருந்த அவசரகாலத்தில் தோட்ட லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். இன்றைய பிள்ளைக்கு அது பழைய இரும்பு. ஊரடங்குக்கு முன் வீடு திரும்பிய பாட்டிக்கு அது அவர் இளமை.

கள்ளுக்கடை இருந்த இடத்தில் கருவி அதிகமாகக் கத்தினாலும் ஆச்சரியமில்லை. நம் கூலியில் எவ்வளவு அங்கே விழுந்தது! கை தவறி விழுந்ததைவிடத் தெரிந்து போட்டதுதான் அதிகம். அதையும் மண் மறைக்கவில்லை.

வெறும் தகரம்கூடப் பேசும். 1900-களின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களுக்குத் தகரச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். பழைய இரும்புக்காரரிடம் அதற்கு விலையில்லை. ஆனால் ஒரு மனிதன் எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டான் என்று அந்தத் தகரம் சொல்லும்.

சுத்தியலைத் தேடிப் போனவர்

தேடுவதில் இரண்டு விதம் உண்டு. இரண்டுக்கும் இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1992-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள். சஃபோக் வட்டாரத்தில் ஹாக்ஸன் என்ற சிற்றூர். பண்ணைக்காரர் ஒருவர் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர், தோட்டக்காரராக வேலை செய்து ஓய்வு பெற்றவர், தம் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு சுத்தியலைத் தேடிப் போனார். கருவி கத்தியது. மண்ணைக் கிளறினால் வெள்ளிக் கரண்டி, பொன் நகை, ரோமானியர் காலத்துக் காசு! அவர் என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டார். நிலக்காரரிடமும் போலீசிலும் சொன்னார். மறுநாள் தொல்லியல் ஆட்கள் வந்து, பொருள்கள் எந்தப் பெட்டியில் எந்த அடுக்கில் எப்படி வைக்கப்பட்டிருந்தன என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். கிட்டத்தட்ட 15,000 காசுகள். அரசு 17 லட்சத்து 50 ஆயிரம் பவுன் வெகுமதி கொடுத்தது. அதை எரிக் லாஸ் பண்ணைக்காரரோடு பங்கிட்டுக் கொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்தப் பொற்காசுகளின் தொகுப்போடு சேர்ந்து இருக்கிறது.

இன்னொரு கதை. 2015-இல் அதே நாட்டில் லெம்ஸ்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட புதையலைக் கண்டார்கள். நிலக்காரரிடமும் சொல்லவில்லை, அரசிடமும் சொல்லவில்லை. துண்டு துண்டாக விற்றார்கள். 2019-இல் நீதிமன்றம் இருவரையும் சிறைக்கு அனுப்பியது. நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும் என்று கருதப்படும் காசுகளில் கொஞ்சம்தான் மீண்டது. அவற்றில் சிலவற்றில் இரண்டு அரசர்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். பகைவர்கள் என்று நினைத்தவர்கள் கூட்டாளிகள் என்று காட்டும் காசுகள் அவை. எஞ்சியவை இன்னும் என்ன சொல்லியிருக்குமோ! காசோடு சேர்ந்து கதையும் போயிற்று.

முதலாமவர் தேடியது சுத்தியல், அவருக்குக் கிடைத்தது மரியாதை. மற்றவர்கள் தேடியது பணம், அவர்களுக்குக் கிடைத்தது சிறை.

நம் தமிழ்நாட்டுக் கீழடியையும் நினைத்துப் பாருங்கள். அங்கே உலகம் வியந்தது தங்கத்தைப் பார்த்து அல்ல. எழுத்துக் கீறிய பானை ஓட்டைப் பார்த்துத்தான். அது எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று குறித்திருந்ததால்தான் அதன் வயதைச் சொல்ல முடிந்தது. அதே ஓட்டை ஒருவர் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தால் அது வெறும் ஓடு.

சட்டம் என்ன சொல்கிறது?

"நான் கண்டெடுத்தா எனக்குத்தானே சொந்தம்?" என்று தம்பி மகன் கேட்டான். இல்லை. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டம் இருக்கிறது. 2006 மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. பழைய தொல்பொருள் சட்டத்துக்கும் புதையல் சட்டத்துக்கும் பதிலாக வந்தது இது. மரபுப் பொருள் என்று நினைக்கத்தக்க பழம்பொருளோ, சொந்தக்காரர் இன்னார் என்று தெரியாத புதையலோ கிடைத்தால், மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஜாசின் வட்டாரத்துக்கு ஜாசின் மாவட்ட அலுவலகம். மரபுப் பொருளைத் தேடுவதற்கென்றே நிலத்தைத் தோண்டுவதானால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். மீறினால் தண்டனை உண்டு. நேற்றுத் தொலைந்த ஐந்து காசுக்கெல்லாம் அலுவலகம் ஓட வேண்டியதில்லை. ஆனால் பழையதா புதியதா என்று சந்தேகம் வந்தால், சொல்லிவிடுவதே நல்லது.

நகை கிடைத்தால்? ஆற்றில் குளித்த இடத்தில் தோடு போயிற்று, திருவிழாக் கூட்டத்தில் தாலிக் குண்டு போயிற்று என்று நம் பெண்கள் அழுத அழுகையை நாம் அறிவோம். உரியவரையோ அவர் பிள்ளைகளையோ கண்டுபிடிக்க முயலாமல் அமுக்கிக்கொள்வது சட்டப்படியும் குற்றம், மனசாட்சிப்படியும் குற்றம். முதலில் ஊரில் விசாரியுங்கள்.

மூன்று இடத்தில் கை வைக்காதீர்கள்

ஒன்று, வெடிக்கக் கூடியது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை இந்த மலாக்கா வழியாகத்தான் மூவாரை நோக்கிப் போனது. மூவாரில் கடும் சண்டை நடந்தது. அந்தக் காலத்துக் குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கலாம். சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் 2023 செப்டம்பரில் கட்டுமானத் தளத்தில் 100 கிலோ எடையுள்ள போர்க்காலக் குண்டு ஒன்று அகப்பட்டு, சுற்று வட்டார மக்களை வெளியேற்றிய பிறகே அதை வெடிக்க வைத்தார்கள். கருவி கத்தி, உருளையாகவோ கூம்பாகவோ கனத்த இரும்பு தெரிந்தால் தட்டாதீர்கள், கழுவாதீர்கள், வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அப்படியே விட்டு விலகி 999-க்குச் சொல்லுங்கள்.

இரண்டு, கோவில் நிலமும் இடுகாடும். தோட்டம் போன பின்பும் நம் முன்னோர் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். வாயில் வைத்த காசையும் வழியனுப்ப வைத்த பொருளையும் தோண்டி எடுத்துத்தான் ஒருவன் பிழைக்க வேண்டுமா?

மூன்று, புதையல் பூசை. "உங்க வீட்டு மூலையிலே ஏழு குடம் இருக்கு, பூசை போட்டு எடுத்துத் தர்றேன்" என்று வருகிறவர்கள் கையிலும் இப்போது இந்தக் கருவி இருக்கும். இரும்புச் சரளையின் மேல் வைத்துக் கத்த வைப்பார்கள். சேமிப்பில் இருந்து எடுத்த பணமும், அடகு வைத்த நகையும் பூசைக்குப் போகும். குடம் வராது. புதையல் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தால் உங்கள் வீட்டு வாசலில் வந்து ஏன் நிற்கிறார்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

துரைகளின் மன்றமும் நம் திடலும்

மலாக்கா நகரில் பண்டார் ஹிலிர் பக்கம் போனால் குமிழ் மாடங்களோடு அழகான பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. 1912-இல் எழுந்த மலாக்கா மன்றம் அது. வெள்ளைக்காரத் துரைமார் குடித்துப் பேசிப் பொழுதைப் போக்கிய இடம். 1985-இலிருந்து அது சுதந்திரப் பிரகடன நினைவகம். அதற்கு எதிரே இருந்த திடலில்தான் 1956 பிப்ரவரி 20-ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்தார். பிறகு அந்தத் திடலின்மேல் வணிக வளாகம் வந்துவிட்டது. ஆனால் அங்கே நடந்தது எல்லாருக்கும் தெரியும், எழுதி வைத்திருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் 2006-இல் சுற்றும் கோபுரம் கட்டத் தோண்டியபோது டச்சுக்காரர் காலத்துக் கோட்டைக் கொத்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கொத்தளத்தைக் காப்பாற்றினார்கள்.

நல்ல காரியம். மகிழ்வோம். ஆனால் ஒரு கேள்வியும் கேட்போம். இந்த நாட்டின் கித்தாத் தொழிலே மலாக்காவில்தான் வேர் பிடித்தது. டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் மரம் நட்டார். பிறகு புக்கிட் ஆசாகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். அந்த மரங்களைச் சீவ வந்தவர்கள் நம் பாட்டன், பாட்டி. துரைகள் பொழுது போக்கிய இடத்துக்கு நினைவகம் இருக்கிறது. நம்மவர் ஒரு வாரம் உழைத்து ஒரு மாலை சிரித்த இடத்துக்கு ஒரு பலகையாவது இருக்கிறதா?

அரசு வைக்கட்டும் என்று காத்திருந்தால் பெரியவர்கள் போய்விடுவார்கள். நாமே செய்யக்கூடியது இருக்கிறது, செலவும் பெரிதாக இல்லை. பழைய திடலுக்கு ஒரு பெரியவரைக் கூட்டிப் போங்கள். அவர் காட்டும் இடங்களை வைத்து ஒரு வரைபடம் போடுங்கள்: லயம், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, கோவில், திடல். கைத்தொலைபேசியில் அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். அனுமதியோடு தேடிச் சாமான் கிடைத்தால், எடுக்கும் முன் படம் பிடியுங்கள், எத்தனை விரல் ஆழம், எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். துருவைச் சுரண்டவோ காசைப் புளி போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். தேய்த்தால் எழுத்தும் போய்விடும். சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நம்மிடம் இருக்கத் தக்கதை வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். நாலு மூலைக் காசு ஒன்றை விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதைப் பார்க்கிற நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அது விலை மதிக்க முடியாத பாடம்.

பதினோராவது ஆள்

இனி அந்த ஊதலுக்கு வருவோம்.

பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று சொன்னேன் அல்லவா? "இது பெரிய கிராணியோட ஊதல்தான்பா. வேற யாருகிட்டேயும் பித்தளை ஊதல் கிடையாது. இது தொலைஞ்ச அன்னிக்கு மழை. ஒரே சேறு. மனுசன் பாதி ஆட்டத்தைக் கையைத் தட்டித் தட்டியே நடத்தினாரு" என்றார். பிறகு அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்து, அன்று நம் பக்கம் விளையாடியவர்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். கோலில் நின்றவர், அவர் மரம் சீவிய நிரை, எந்த லயம். வலது பக்கம் ஓடியவர், பிறகு சிங்கப்பூருக்குப் போனவர். தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர், நீலப் பாஸ்போர்ட்டு கிடைக்காமல் 1970 வாக்கில் ஊருக்குக் கப்பலேறியவர். தம்பி மகன் கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுதத் தொடங்கினான்.

பத்துப் பெயர் ஆயிற்று. பதினோராவது பெயர் வரவில்லை. பெரியவர் விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறார், வரவில்லை. நெற்றியைத் தேய்க்கிறார். கடைசியில் பையன்தான் மெதுவாகக் கேட்டான்:

"தாத்தா, நீங்க?"

பெரியவர் சிரித்துவிட்டார். "அட, ஆமாம்பா. பதினோராவது ஆளு நான்தான்."

நிர்வாகியிடம் போய்க் கிடைத்ததை எல்லாம் காட்டினோம். "ஊதலை அந்தப் பெரியவரே வெச்சிக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். காசுகளை ஒரு தாளில் ஒட்டி, இடமும் ஆழமும் எழுதி வைத்திருக்கிறோம். குழிகளை மூடியாயிற்று.

தோட்டத் தோழர்களே, அந்தக் காலை முழுவதும் தேடிக் கிடைத்த உலோகத்தின் விலை ஐந்து வெள்ளி பெறாது. பதினோரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கருவி காட்டியது பித்தளையைத்தான். பெயர்களைக் காட்டியவர் பெரியவர். கருவியைக் கடையில் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பெரியவர்களை வாங்க முடியாது. உங்கள் தோட்டத்துப் பெரியவர் இன்னும் இருக்கிறார் என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே அவரைத் திடலுக்குக் கூட்டிப் போங்கள். கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தாளும் பென்சிலும் மறக்காமல் கொண்டு போங்கள்.